மர உயரத்தைக் கழித்த கோடு

வரைபட ஆபீசில் அவருக்கு 'மலை சார்' என்று பட்டப்பெயர். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். மலைமேல் வாழ்க்கைப்பட்ட சொந்த அக்கா வீட்டுக்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையை வரைவதில் அவரை அடிக்க ஆளில்லை. விமானத்திலிருந்து எடுத்த படங்களில் காட்டைப் பார்த்தால் மரங்களின் தலைதான் தெரியும், தரை தெரியாது. அதனால் சராசரி மர உயரத்தைக் கழித்துவிட்டு, தரையின் உயரத்தைக் காட்டும் கோடு போடுவார்கள். சந்தேகமான இடத்துக்கு மட்டும் ஆள் போய் அளந்து வரவேண்டும்.

ஒருநாள் அக்காவின் மலையே அவர் மேஜைக்கு வந்தது. அத்தானுக்கு நெஞ்சில் கோளாறு. ஒவ்வொரு தடவையும் கீழ்ச்சரிவைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில் நாற்காலியோடு தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வரைபடம் முடிந்தால்தான் ரோடு. அக்கா போனில் பிடுங்கி எடுத்தாள்.

"சீக்கிரம் முடிடா தம்பி. இவரு தாங்க மாட்டாரு."

விமானப் படத்தில் அக்கா ஊருக்குச் சற்று முன்னால் ஓரிடம் அவரை உறுத்தியது. பள்ளத்தில் நிற்கும் மரம் வெயிலைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, மேட்டு மரங்களோடு சமமாகி, பள்ளத்தையே மறைத்துவிடும். அந்த வேலையில் இருப்பவனுக்கு இது பாலபாடம். ஆனால் ஆள் அனுப்பினால் மழைக்காலம் குறுக்கே வந்துவிடும், ரோடு ஒரு வருஷம் தள்ளிப்போகும். எல்லாம் அக்காவுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வழக்கமான உயரத்தைக் கழித்து, அங்கே சாதுவான ஒரு சரிவை வரைந்து கொடுத்துவிட்டார் மனுஷர்.

ரோடு போட வந்தவர்கள் பாறையை உடைத்தார்கள். உருண்ட கற்கள் கீழே இருந்த ஒற்றையடிப் பாதையை மூடிவிட்டன. ஊரை நெருங்கி மரங்களை வெட்டிச் சாய்த்ததும், சரிவு இருக்கவேண்டிய இடத்தில் செங்குத்தான பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பாலம் கட்டக் காசில்லை என்று கான்ட்ராக்டர் மூட்டை கட்டிவிட்டார். இப்போது அந்த ரோட்டில் மரலாரிகள் ஜோராகப் போய்வருகின்றன. மலை சாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதவி உயர்வுகூடக் கிடைத்தது. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

அத்தானுக்கு முடியவில்லை என்று தகவல் வந்ததும் வாடகைக் காரில் ரோடு முடியும் இடம்வரை ஓடினார். எதிர்ப்பக்கம் நாற்காலியில் அத்தான் சாய்ந்து கிடந்தார். தூக்கி வந்தவர்கள் பள்ளத்தில் இறங்கப் பார்த்து, முடியாமல் மேலே ஏறிவிட்டார்கள்.

அக்கா கத்தினாள். "ஏன்டா, நீ போட்ட படத்துல இந்த இடம் எப்படிடா இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சரிவா இருக்குக்கா."

"அப்ப அதுல நடந்து வந்து உங்க அத்தானைத் தூக்கிட்டுப் போ."

பதிலுக்குக் காத்திராமல், நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள்.