சாலிங் சொல்லாத சொல்

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. வானொலி நிலையத்தில் எங்கள் தொடர் நாடகத்தின் அறுபத்தோராம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் நாங் பஸ்யோன். எங்கள் ஊரில் அக்காவை நாங் என்போம், அண்ணனை நோங், தங்கையை இண்டாய். எங்கள் நாடகங்களுக்குப் பின்னணிச் சத்தம் உண்டாக்கும் சாலிங்கின் எதிர்வீட்டுக்காரி. தெருமுனைவரை கேட்கிற மாதிரி பேசுகிறவள். அன்று குரல் அடியில் கிடந்தது.

"இமோய், உன் சாலிங் எந்திரிக்க மாட்டேங்குறாப்பா."

"மயக்கமா நாங்?"

"உடம்பு சில்லிட்டுப் போச்சு. மைக்குப் பக்கத்துல தரையில கிடக்குறா. நீ உடனே வா."

நான் எழுந்துவிட்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிழவன் இன்னும் கேட்டு வாசல்லயே நிக்கிறான். நான் உள்ளேருந்து அலறுறேன், பெத்த அப்பன் ஓடி வரணுமா இல்லையா? 'உள்ள வான்னு யாரும் சொல்லலையே'ங்கிறான், இமோய்."

எங்கள் செபுவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று "ஆயோ!" என்று குரல் கொடுப்போம். உள்ளே இருப்பவர் "டாயோன்!" என்பார். உள்ளே வா என்று அர்த்தம். அந்தச் சொல் வரும்வரை வாசலைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. சொந்த வீட்டுக்கு வருகிறவன் ஆயோ சொல்லமாட்டான். சாலிங்கின் அப்பன் கோரியோ சொல்வான்.

பசில் மீன்சந்தைக்குப் பின்னால், சேற்றில் மரக்கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகளில் ஒன்றில் அவள் பிறந்தாள். கோரியோ இரவெல்லாம் படகுகளிலிருந்து மீன்கூடை இறக்குவான். விடிந்ததும் கூட்டாளிகளோடு கள் குடிக்க உட்காருவான். மற்றப் பிள்ளைகள் இருட்டுக்குப் பயந்த வயதில் அவள் காலை ஏழு மணிக்குப் பயந்தாள். குடிக்காத நாளில் அவன் பேசாமல் உள்ளே வந்து படுத்துவிடுவான். குடித்த நாளில் வாசலிலேயே நிற்பான். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவனைப் போல அத்தனை இனிமையாக "ஆயோ!" என்பான்.

ஆறு வயதில் அவளுக்கு அது விளையாட்டாகப் பட்டது. அம்மா வாயில் விரல் வைத்து வேண்டாம் என்று காட்டுவதற்குள் குதித்துக்கொண்டு "டாயோன்!" என்று கத்திவிட்டாள்.

"பாத்தியா, எம் பொண்ணே கூப்பிட்டுட்டா" என்று சிரித்தபடி அவன் உள்ளே வந்தான். அன்று காலை அம்மாவின் வலது காது போயிற்று. கடைசிவரை அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கவில்லை.

"நான் சொல்லலைன்னாலும் வந்திருப்பாரு. அது தெரியாத மக்கு இல்ல நான்" என்று பல வருடங்கள் கழித்து சாலிங் என்னிடம் சொன்னாள். "ஆனா கூப்பிட்டது நான்தானே, நோங்?"

அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். பலகைப் பாதையில் அவன் செருப்பு விழுகிற விதத்தை வைத்து எத்தனை குவளை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒன்பது வயதில் ஒரு காலை, உள்ளே அடி விழுந்துகொண்டிருந்தபோது, அம்மாவின் மரச்செருப்பைக் கைகளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பலகைமேல் கைகளால் நடந்தாள். இரண்டு ஆள் கனமாக நடந்து வருகிற சத்தம். நடுவில் தொண்டையைத் தாழ்த்தி ஒரு இருமல். காவல்காரர்கள் வருகிறார்கள் என்று கோரியோ கையை நிறுத்தினான்.

ஒன்பது நாள் அந்தச் சத்தம் அம்மாவைக் காப்பாற்றியது. பத்தாம் நாள் அவன் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டான். நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்த மகளிடம் மெதுவாக வந்தான். அவளுடைய இடக்கையைப் பலகைமேல் விரித்து வைத்தான். அதே மரச்செருப்பை எடுத்தான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை.

"ஜன்னல்ல மரக்கிளை உரசணுமா, என்னைக் கூப்பிடுங்க" என்று பிற்காலத்தில் அந்த விரல்களைக் காட்டி ஸ்டுடியோவில் சிரிப்பாள். "மணிலாவுல காசு குடுத்தாலும் இந்த மாதிரி சாமான் கிடைக்காது."

சாலிங்குக்குப் பதினாலு வயதானபோது அம்மா இறந்தாள். கோரியோ ஏதோ சரக்குக் கப்பலேறித் தெற்கே போனவன் திரும்பவில்லை. சாலிங் எங்கள் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓலைப்பொதியில் வேகவைத்த சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து தருவாள். நாலு வருடம் கழித்து நான் கல்லூரி முடித்துவிட்டு நாடகம் எழுத வந்தேன்.

ஒரு நாள் பின்னணிச் சத்தம் உண்டாக்குகிற ஆளுக்கு அம்மைக்கட்டு. குடித்துவிட்டு வரும் கணவன் காட்சி. வேறு வழியில்லாமல் நானே மேசையை இடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்த பதினெட்டு வயதுப் பெண் வாயைத் திறந்தாள்.

"அப்படி வரமாட்டாங்க."

"பின்ன எப்படி வருவாங்களாம், மகாராணி?"

"குடிச்சவன் சத்தம் போடமாட்டான். சத்தம் வரக்கூடாதுன்னு பாத்துப் பாத்து அடி வைப்பான். அதுதான் கேக்கும்."

கூடையை இறக்கிவிட்டுத் தன் செருப்புகளைக் கைகளில் மாட்டிக்கொண்டாள். நாலே அடி. அப்புறம் ஒரு நிறுத்தம். மனைவியாக நடித்த பெண் தன் வசனத்தை மறந்து ஸ்டுடியோக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கே கத்துக்கிட்டே இத?" என்று கேட்டேன்.

"வீட்டுல" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள்.

முப்பத்தைந்து வருடம். முறத்தில் பாசிப்பயற்றைச் சாய்த்துச் சாய்த்து அவள் செய்த கடலில் எத்தனை படகு மூழ்கியிருக்கும்! காய்ந்த வாழையிலையைக் கசக்கி ஊரையே எரித்திருக்கிறாள். மணிலாவிலிருந்து சினிமாக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். போய் மூன்று படம் செய்துவிட்டுத் திரும்பிவிட்டாள். தலிசாயில் சின்னதாக ஒரு வீடு கட்டினாள். அதில் ஒரு அறை முழுக்க, எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டி, ஒலிப்பதிவுக்கு வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பரிதாபம் பிடிக்காது. சுவரில் முதுகு படாமல் எங்கும் உட்காரமாட்டாள். காலை ஏழு மணிக்கு எந்த வேலையும் ஒத்துக்கொள்ளமாட்டாள். காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எட்டு அடிக்கும்வரை சும்மா இருப்பாள்.

யார் வந்து ஆயோ சொன்னாலும் அவளே எழுந்து வந்து, பேசாமல் கேட்டைத் திறப்பாள். தெருவில் அதைத் திமிர் என்றார்கள்.

"ஏண்டி, டாயோன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற பல்லு கொட்டிடுமா?" என்பாள் நாங் பஸ்யோன்.

"இருக்கிறதே கொஞ்சம், நாங். அதையாவது பத்திரமா வச்சுக்கறேன்."

போன ஜூனில் ஒரு வியாழக்கிழமை என்னை வரச்சொல்லி, காதுகளில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். பயறு உருளும் கடல். நல்ல அலை. மூன்றாவது அலைக்கு அடியில், தூரத்தில், ஒரு குரல்: ஆயோ.

"யாரு?" என்றேன்.

"அப்பா. கேட்டுல நின்னாரு. மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு." ஒலிநாடாவை நிறுத்தினாள். "குரல் கிழடாயிடுச்சு, நோங். இனிப்பு மட்டும் அப்படியே இருக்கு."

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு வந்தான். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. மூன்று முறை கூப்பிடுவான். ஒரு மணி நேரம் நிற்பான். போய்விடுவான். பூட்டாத கேட்டை ஒரு நாளும் தொட்டதில்லை. அவனுக்கு வேண்டியது அந்தச் சொல். சாலிங் அந்த ஒரு மணி நேரமும் உள்ளே, சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நாங் பஸ்யோன் அவனுக்கு முக்காலி எடுத்துப் போட்டாள்.

"பெத்தவனை வெயில்ல காயவிடுறாளே, நெஞ்சா அது, கருங்கல்லா?"

"உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன், நாங். காப்பி நல்லாப் போடுவீங்க."

அவள் சிரித்தாலும் மெலிந்துகொண்டே வந்தாள். தலை வலிக்கிறது என்று அடிக்கடி சொன்னாள். நான் செய்த தப்பு அப்போதுதான். அவளுக்கு நல்லது என்று நினைத்து, அறுபத்தோராம் பகுதியின் முடிவை மாற்றி எழுதினேன். வருடங்கள் கழித்து ஒரு கிழவன் மகள் வீட்டு வாசலில் நின்று ஆயோ என்கிறான். மகள் டாயோன் என்கிறாள். கதவு திறக்கிறது.

அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை படித்துப் பார்த்தாள்.

"சாமர்த்தியக்காரர்தான், நோங்."

"வேண்டாம்னா எடுத்துடறேன், இண்டாய்."

"வேண்டாம், இருக்கட்டும். மகளா நடிக்கிற பொண்ணுக்கு இந்த வரியைக் குடுக்காதீங்க. நானே சொல்றேன்."

"நீயா?"

"முதல்ல மைக்குக்கிட்ட சொல்லிப் பாக்கிறேன். மைக் அடிக்காது." மடங்காத விரல்களால் தாளைத் தட்டினாள். "சரியா வந்துச்சுன்னா, கேட்டுலயும் சொல்லுவேன். உட்கார வச்சு, தண்ணி குடுத்து, கிளம்புங்கன்னு அனுப்பிடுவேன். வான்னு சொல்றவளும் நான், போன்னு சொல்றவளும் நான். அப்படி ஒரு தடவை சொல்லிட்டா அந்த வார்த்தை எனக்கு வந்துடும்ல?"

வந்துவிடும் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, இரண்டு மணி வாக்கில் இருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று மணிக்குக் கோரியோ வந்தான். மூன்று முறை கூப்பிட்டான். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாங் பஸ்யோனுக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. சாலிங் பதில் சொல்லாதது புதிதல்ல. உயிரோடு இருப்பவளின் மௌனமும் செத்தவளின் மௌனமும் தெருவுக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. நாலு மணிக்குமேல், இன்றைக்குக் கேட்டே விடுவது என்று சண்டைக்குத்தான் அவள் உள்ளே போனாள்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு தடவை கேட்டேன். கடல் முடிகிறது. தொண்டையைச் செருமுகிறாள். மூச்சை இழுக்கிறாள், விடுகிறாள். இன்னொரு முறை இழுக்கிறாள். நாற்காலி விழுகிறது. முறம் கவிழ்ந்து பயறு தரையெல்லாம் ஓடுகிறது. கடைசிப் பயறு எங்கோ முட்டி நிற்கும்வரை கேட்கிறது. பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தூரத்தில், அந்த இனிப்பு.

சாவு வீட்டில் கதவு ஒன்பது நாளும் திறந்தே கிடக்கும். யாரும் ஆயோ சொல்லமாட்டார்கள். யாரும் நேராக உள்ளே வரலாம். இரண்டாம் நாள் பிற்பகல், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். கேட்டில் வெள்ளைச் சட்டை.

"ஆயோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நீங்கதான் நாடகம் எழுதுறவரா?" என்றான். "ஒரு வார்த்தை சொல்லுங்களேன். எம் பொண்ணைப் பாத்துட்டுப் போயிடறேன்."

முப்பத்தைந்து வருடமாக வார்த்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ஜெபமாலை சொல்லி முடிகிறவரை அவனும் நின்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினான். சத்தம் வராமல், பார்த்துப் பார்த்து அடி வைத்துப் போனான். அதுதான் கேட்டது.

அறுபத்தோராம் பகுதிக்கு அவள் எழுதி வைத்த ஒலிப்பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு ஒலிகள். முடித்ததற்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பது அவள் வழக்கம். கடல், கேட்டுக் கீல், கிழவனின் காலடி என்று பதினொன்றுக்கு டிக் இருக்கிறது. பன்னிரண்டாவது, 'டாயோன், உள்ளேயிருந்து, என் குரல்.' அதற்கு டிக் இல்லை.