தூங்குகிறவர்களைக் கண்டுபிடித்தேன்

போன வாரம் ஒரு சீர்திருத்தம் செய்தேன். கைதட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் ரப்பர் வாஷர் கம்பெனியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறைய அளந்திருக்கிறேன். அங்கே நான் அட்மின் மேனேஜர். அதாவது... ஏ.சி. ஓடவில்லை என்றாலும் என்னைக் கேட்பார்கள், கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஏ.சி.க்கு நேர் கீழே என் கேபின்.

இப்போது ஒரு உண்மை. வீட்டிலிருந்து மனைவி கட்டிக் கொடுக்கிற தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் உள்ளே போனதும் எனக்குக் கண் சொக்கும். லஞ்ச் முடிந்து பெல் அடித்து, மிஷின்களெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடியில் ஒரு ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு... யோசிப்பேன். தலையைக் குனிந்து, ரொம்ப ஆழமாக. சில நாள் குறட்டை விட்டும் யோசித்திருக்கிறேன். தூக்கம் என்றால் படுக்க வேண்டாமா? நான்தான் உட்கார்ந்திருக்கிறேனே.

எங்கள் ஜி.எம். புதிதாக வந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், அதிர்ந்து பேச மாட்டார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, மதிய நேரத்தில் நம் கம்பெனியில் தூக்கம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, கஸ்டமர் யாராவது வந்தால் நன்றாக இருக்காது, பார்த்துச் சரிபண்ணிவிடுங்கள் என்றார். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் கொடுத்தாரே என்று பூரித்துப்போனேன்.

யார் தூங்குகிறார்கள்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது... பேக்கிங் செக்‌ஷன்தான்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. லஞ்ச் பிரேக்கில் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துப் படுப்பார்கள். அவரவர் அட்டை அவரவருக்கு. பெல் அடித்ததும் எழுந்து, அட்டையை ரேக்குக்குப் பின்னால் சொருகிவிட்டு வேலைக்குப் போவார்கள். விடிவதற்கு முன்பே ஆவடியிலிருந்தும் சென்னீர்குப்பத்திலிருந்தும் கிளம்பி வருகிறவர்கள்.

அன்றைக்கே லஞ்ச் நேரத்தில் போய் நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இது கம்பெனியா, கல்யாண மண்டபமா என்று கேட்டேன். டிசிப்ளின் பற்றி ஒரு சின்ன சொற்பொழிவும் ஆற்றினேன். அட்டைகளையெல்லாம் ஸ்கிராப்பில் போடச் சொன்னேன்.

பேக்கிங் சூப்பர்வைசர் அந்தோணி மட்டும் மெதுவாகக் கேட்டார். "பிரேக்லதான சார் படுக்கிறோம்... பெல் அட்ச்சா எழுந்துக்கிறோமே. கொஞ்ச நேரம் தலைய சாய்க்கலன்னா சாயங்காலம் வரிக்கும் நிக்க முடியல சார்."

ரூல் என்றால் எல்லோருக்கும் ரூல்தான் என்றேன். சொல்லும்போது நாக்குகூடக் கூசவில்லை. என்ன ஒரு தைரியம் எனக்கு!

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். எல்லோரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா தன் முட்டியைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானோ, வேலை கச்சிதமாக முடிந்தது என்ற திருப்தியோடு கேபினுக்கு வந்தேன். அந்தத் திருப்தியில் யோசனை வழக்கத்தைவிட ஆழமாகப் போய்விட்டது.

யாரோ மேஜையைத் தட்டினார்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் – ஜி.எம். நின்றுகொண்டிருந்தார். என் மடியிலிருந்த ஃபைல் தரையில் கிடந்தது.

"இதைத்தானே சார் சரிபண்ணச் சொன்னேன்?" என்றார்.

பேக்கிங்கில் இப்போது ஒருத்தரும் தூங்குவதில்லை, நிறுத்திவிட்டேன் என்று உளறினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அவங்க பிரேக்ல தூங்குறாங்க, அது அவங்க நேரம். உங்களை நேரா சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சுத்தி வளைச்சு சொன்னேன். நீங்க போய் அவங்க தூக்கத்தையா நிறுத்தினீங்க?"

ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துக் கொட்டியது. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம்.

அடுத்த நாள் லஞ்சில் மறுபடி பேக்கிங்குக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, நீங்கள் பாட்டுக்குப் படுங்கள், ஜி.எம். சொன்னது என்னைத்தான், வேலை நேரத்தில் தூங்குகிற ஆள் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். சிரிப்பார்கள், வைத்துக் கலாய்ப்பார்கள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணி பதறிப்போய் எழுந்து வந்தார்.

"மாதா சத்தியமா சார்... நீங்க தூங்குறத நாங்க போட்டுக் குடுக்கல. இத்தினி வருசத்துல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்தது கெடையாது."

அதற்கப்புறம் எங்கிருந்து எனக்குத் தூக்கம் வரும்?