கந்தப்பு அண்ணையின் இரண்டு கைகள்

கந்தப்பு அண்ணை ஓட்டும் வானில் ஏறினால், வேலை செய்யும் கந்தோர் திறக்குமுன் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கலாம், இறங்குவதற்கு உயிர் மிச்சம் இருந்தால். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இப்படித்தான் சொல்லுவேன். சொல்லிவிட்டு, அவர்களையே இடித்துத் தள்ளிக்கொண்டு அவருடைய வானில் ஏறுவேன். அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு பிடிப்பு.

அது 1980ஆம் ஆண்டு. தனியார் வான்கள் ஓடத் தொடங்கிய புதுசு. வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, அச்சுவேலி என்று போகும் அந்த றோட்டில் காலை நேரத்தில் நடந்ததைப் போக்குவரத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த தரிப்பில் நிற்கும் சனத்தை யார் முதலில் அள்ளுவது என்று ஒரு வான் மற்ற வானைத் துரத்தும். வளைவு என்றும் பார்க்காமல் முந்துவார்கள். மிதிபலகையில் ஆட்கள் கொத்தாகத் தொங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டுப் புழுதி அடங்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். உள்ளே இருக்கும் நாங்களோ, "விடாதையுங்கோ அண்ணை, அவனை முந்துங்கோ!" என்று உருவேற்றுவோம். பிறகு கந்தோரில் தேநீர் குடிக்கும்போது, இந்த றைவர்மாருக்கு ஒரு ஒழுங்கும் இல்லை என்று குறைப்படுவோம்.

இவர்களுக்குள் கந்தப்பு அண்ணை தங்கமான மனிதர். ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போகமாட்டார். நாய் குறுக்கே படுத்திருந்தால் வானை நிறுத்தி, "எழும்பு ராசா, சனத்துக்கு வேலை இருக்கு" என்று கெஞ்சுவார். கடல் தொழில் செய்த குடும்பம். காலையில் சாவியைப் போடுமுன் வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார். வானின் முன் ஆசனத்துக்கு அவர் வைத்த பெயர் அணியம். வள்ளத்தின் முன்பக்கத்தை அப்படித்தான் சொல்வார்கள். "அணியத்திலை ஒரு ஆள் இருக்கலாம், வாங்கோ" என்று கூப்பிடுவார்.

கடலை அவர் விட்டது அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலோடு. வள்ளம் கவிழ்ந்து, ஒரு பலகையைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தபோது அவர் நேர்ந்துகொண்டார்: "முருகா, இந்த ரெண்டு கையையும் கரை சேர்த்துவிடு. உன்ரை வாசலைத் தாண்டுற நேரமெல்லாம் ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிடுறன்." கரை சேர்ந்தார். அதற்குப் பிறகு மனைவி தங்கமுத்து அவரைக் கடலில் கால் நனைக்கவும் விடவில்லை. லொறி ஓட்டப் பழகி, பிறகு வானுக்கு வந்தார்.

அந்த நேர்த்திக்கடனில்தான் வந்தது வினை. செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருப்பது எங்கள் வழியில், தொண்டைமானாற்றில். கோயில் கண்ணில் பட்டதும் கந்தப்பு அண்ணையின் இரண்டு கைகளும் ஸ்ரியறிங்கை விட்டு நெஞ்சுக்கு நேரே கூடிவிடும். கண் மூடிவிடும். கால் மட்டும் அழுத்தினபடி இருக்கும், ஏனென்றால் பின்னால் மற்ற வான் வருகிறது. இதில் பெரிய வேடிக்கை, அதே நேரத்தில் நாங்களும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்போம். வான் நிறையச் சனம், றோட்டைப் பார்க்க ஒருவர் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் கொண்டக்டர் சிமியோன் மட்டும்தான்.

சிமியோன் குருநகரில் பிறந்து பருத்தித்துறையில் பெண் எடுத்த கத்தோலிக்கர், கந்தப்பு அண்ணையின் வயதுக்காரர். ஒருநாள் இந்தக் கும்பிடு அவருக்குப் பொறுக்கமுடியாமல் போனது.

"கந்தப்பு, மாதா கோயிலடியிலை நான் ஒரு கையாலை சிலுவை போடுறன். மற்றக் கை கம்பியிலை இருக்கும். உங்கடை சாமிக்கு மட்டும் ஏன் ரெண்டு கையும் வேணும்?"

"நேர்த்தி, சிமியோன். கடலிலை வைச்சுச் சொன்ன சொல்லு."

"கடலிலை முன்னுக்கு ஆர் வருவினம்? இது றோட்டு."

"சரி, இனி நிப்பாட்டிக் கும்பிடுறன்."

நிறுத்தியும் பார்த்தார். அவர் நிறுத்திக் கும்பிட்டு முடிக்குமுன் மற்ற வான் முந்திப்போய் அச்சுவேலிச் சனத்தை வழித்து அள்ளிக்கொண்டு போனது. வான் முதலாளி ஏசினார். நாங்களும் சும்மா இருக்கவில்லை, கந்தோருக்குப் பிந்துகிறது என்று முணுமுணுத்தோம். கும்பிடவும் வேண்டும், பிந்தவும் கூடாது என்றால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? சில நாளில் வான் பழையபடி ஓடியபடியே கும்பிடத் தொடங்கியது.

ஆவணி மாதம், சந்நிதியில் திருவிழா. றோட்டை மறித்துக்கொண்டு சனம். பின்னால் மற்ற வான் விடாமல் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. கந்தப்பு அண்ணையின் கைகள் கூடின. நாங்களும் கண்ணை மூடினோம். அடுத்த கணம் சிமியோன் தகரத்தில் படாரென்று அறைந்து, "கந்தப்பு! பிறேக்! ஐயோ, பிறேக்!" என்று குழறினார்.

வான் இழுபட்டுக் கொண்டுபோய் நின்றது. கண்ணைத் திறந்தால், வானின் முகத்துக்கு நேரே றோட்டில் ஒரு இளம்பெண் விழுந்து கிடந்தாள். தலையில் சுமந்து வந்த பாற்செம்பு உருண்டு கிடந்தது. தார் றோட்டெல்லாம் பால். நல்லவேளை, வான் அவளைத் தொடவில்லை. பயத்தில் விழுந்தவள் தானே எழும்பி, சேலையில் மண்ணைத் தட்டிவிட்டு, கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சந்நிதியான் காப்பாத்திப்போட்டான்" என்றாள்.

எங்களோடு தினமும் வருகிற புடவைக்கடைக்காரர் தியாகராசாவுக்கு அது போதுமாக இருந்தது. "பாத்தியளோ! அண்ணை கும்பிட்டபடியாத்தான் அந்தப் பிள்ளை தப்பினது!" என்று துள்ளினார். வானில் இருந்த அத்தனை பேரும் ஓமென்று தலையாட்டினார்கள். இப்படியும் ஒரு சனம்!

கந்தப்பு அண்ணை தலையாட்டவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு இறங்கிப்போய், நெளிந்த செம்பை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"அடி ஏதும் பட்டதோ பிள்ளை?"

"இல்லை அண்ணை."

"ஆருக்காக இந்தப் பால்?"

"என்ரை மனுசனுக்காக. கடலிலை மாட்டுப்பட்டு உயிரோடை வந்தவர். அந்த நேர்த்தி."

அவர் திரும்பி வந்து வானை எடுத்தார். யாழ்ப்பாணம்வரை ஒரு வானையும் முந்தவில்லை. எங்களில் ஒருவரும் முந்தச் சொல்லவும் இல்லை.

அன்று பின்னேரம் சிமியோனையும் கூட்டிக்கொண்டு சந்நிதிக்குப் போயிருக்கிறார். இதைச் சிமியோன்தான் எனக்குச் சொன்னார். நேர்த்தியை மாற்றலாமா என்று பூசாரியாரிடம் கேட்கப் போனதாம். சந்நிதியில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். மந்திரமும் இல்லை, பேச்சும் இல்லை. பூசை நேரம் பார்த்துப் போய்க் கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? பூசாரியார் கையால் திருநீற்றைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாராம். காத்திருந்து கேட்கச் சொன்னாராம் சிமியோன். "வேண்டாம், செய்யவேண்டியது எனக்குத் தெரியும். செய்யத்தான் பயமாக் கிடக்கு" என்று கந்தப்பு அண்ணை திரும்பிவிட்டார்.

வீட்டில் தங்கமுத்து காலைப் பிடிக்காத குறை. "முருகனோடை விளையாடாதையுங்கோ. அவன் தந்த உயிர். சொன்ன சொல்லை விட்டியளெண்டால் திருப்பி எடுத்துப்போடுவான்." கந்தப்பு அண்ணைக்கும் அதுதான் நம்பிக்கை. நேர்த்தி தவறினால் தன் உயிர் போகும் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. நாங்கள் சிரிக்கலாம். அவர் அந்தப் பலகையைக் கட்டிப் பிடித்துக் கிடந்தவர்.

அடுத்த நாள் காலை அவர் வானத்தைப் பார்க்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு. நான் அவருக்குப் பின் ஆசனத்தில் இருந்தேன். தொண்டைமானாற்றுப் பாலத்தடி வந்து கோயில் தெரிந்ததும் மற்றவர்கள் வழக்கம்போலக் கண்ணை மூடினார்கள். எனக்கு மூட மனம் வரவில்லை.

அவர் அழுத்தியிருந்த காலை எடுத்தார். வான் வேகம் குறைந்து நடைபோடத் தொடங்கியது. மற்ற வான் ஹோனடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. கந்தப்பு அண்ணையின் இரண்டு கைகளும் ஸ்ரியறிங்கில் இருந்தன. விடவில்லை. கண் திறந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. எனக்கு அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

வான் மெல்லப் போவதை உணர்ந்து தியாகராசா கண்ணைத் திறந்தார். "என்னண்ணை, இண்டைக்குக் கும்பிடேல்லையோ?" என்று கேட்டார். கேட்ட குரலில் கோபமும் இருந்தது.

"நீங்கள் கும்பிடுங்கோ. அவர் ஓடட்டும்" என்றார் சிமியோன்.

செம்பும் தட்டமுமாய் றோட்டைக் கடக்கிற சனத்தில் கண்ணை வைத்தபடி, கந்தப்பு அண்ணை கோயிலுக்குள் இருப்பவனுக்குக் கேட்கவேண்டும் என்று உரத்துச் சொன்னார்:

"முருகா, சொன்ன சொல்லைத் தவறவிட்டுட்டன். அடிக்கிறதெண்டால் என்னை வீட்டிலை வைச்சு அடி. வானுக்கை வைச்சு அடிச்சுப்போடாதை. சனம் இருக்குது."