மரப்பாலத்தில் இத்ரூஸ் நானா

எல்கடுவைப் பக்கத்துப் பிள்ளைகளை மாத்தளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிச்சென்ற பஸ்ஸின் சாரதி இத்ரூஸ் நானா. வழியிலிருந்த மரப்பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அதனால் எங்களை இறக்கி, நடந்து கடக்கவிட்டு, வெறும் பஸ்ஸைப் பின்னால் ஓட்டி வருவார். பன்னிரண்டு வருடமாக அதுதான் வழக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு மழைக் காலை. நாங்கள் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸின் பின்சில்லுக்குக் கீழே பலகை முறிந்தது. பஸ் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. என் பக்கத்தில் நின்ற ஸரீனா துஆ ஓதினாள். நான் முருகனைக் கூப்பிட்டேன். எஞ்சின் உறும, பஸ் சற்றுப் பின்வாங்கி, பிறகு ஒரே எம்பில் கரையேறியது.

இறங்கி வந்த நானாவின் குரலில் கோபம் மட்டும்தான்.

"பெரிய படிப்பு படிக்கிறீங்களே, என்ன ஆகப் போறீங்க?"

"டொக்டர்," என்றோம், எல்லாருமே.

"நான் ஆத்துல விழுந்த பொறகு மருந்து கட்டவா? விழாம இருக்க பாலம் கட்டுறதுக்கு ஒருத்தராவது படிங்களேன்!"

மாலையில் திரும்பும்போது, முறிந்த இடத்தில் யாரோ புதுப்பலகை அடித்திருந்தார்கள். நடுப்பாலத்தில் குனிந்து, அதன் தடிப்பைப் பள்ளிப்பையிலிருந்த அடிமட்டத்தால் அளந்தேன். பின்னால் பஸ்ஸில் காத்திருந்த, எப்போதும் அவசரப்படுத்தும் நானா, அன்று ஹோர்ன் அடிக்கவில்லை.