பருப்புக் குடத்துத் தண்ணீர்

என் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து முன்வரிசையில் புதுப்பல் முளைத்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவள் பேசும்போது சொல்வதைக் கேட்காமல் வாயையே பார்ப்பேன். கூடத்து ஜன்னலருகே காலை வெளிச்சம் நேராக விழும். அங்கே அவளை நிறுத்தி உதட்டை விரிக்கச் சொல்வேன். புதுப்பற்களின் குறுக்கே, சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்ததுபோல் மங்கலான வெள்ளைக் கோடுகள் இருந்தன. மற்ற இடத்தில் பல் பளபளத்தது, கோடுகள் பளபளக்கவில்லை. மறுநாள் மறுபடி பார்ப்பேன். ஒரே இரவில் எதுவும் மாறாது என்று தெரியும். ஆனாலும் பார்க்காமல் அலுவலகம் போக முடியவில்லை.

"தெனமும் பாத்தா மட்டும் மாறிடுமாங்க?" என்பாள் மனைவி. "எனக்கும் மொதல்ல இப்படி வெள்ளையாத்தான் கோடு வுழுந்துச்சு. அப்புறந்தான் பழுத்துச்சு."

அவள் பற்கள் தேயிலைக் கறை ஏறிய பீங்கான்போல் பழுப்பு நிறம். அவள் ஊர் தருமபுரியை அடுத்த அரூர்ப் பக்கம். கத்தோலிக்க விவசாயக் குடும்பம். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதை ஒரு குறையாகப் பேசியதில்லை. நான் காவிரிக்கரைக்காரன். பெண் பார்க்கப் போனபோது அவள் சிரிக்காததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். மணமான பிறகுதான், சிரிப்பு வந்தால் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவது அவளுடைய கையின் தனிப் பழக்கம் என்று புரிந்தது. சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டர், அவள் வாய் திறந்து சீட்டு கேட்டதுமே, "தருமபுரிங்களா?" என்றார். அன்று முழுவதும் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

நில அளவைப் பிரிவில் வரைபடம் போடுவது என் வேலை. மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது தருமபுரிக்கு மாற்றல் ஆகி வந்தேன். நாங்கள் குடியிருந்த தெருவில் அப்போதுதான் குழாய் வந்திருந்தது. ஆழமாகத் துளை போட்டு, மோட்டார் வைத்து இறைத்து, மேல்தொட்டியில் ஏற்றி விட்ட தண்ணீர். கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு குறைதான்: துவரம்பருப்பு அதில் வேகாது. விறகு தீர்ந்தாலும் பருப்பு முழுசாகவே கிடக்கும். ஆகவே தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு குடம் தனியாக இருந்தது. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து நடந்துபோய்த் தூக்கி வரும் தண்ணீர் அதில். பருப்புக் குடம் என்று பெயர். அதிலிருந்து யாரும் குடிக்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் சுமந்து வந்ததைக் குடித்துத் தீர்க்க யாருக்கும் மனம் வராது. குடிப்பதற்குத்தான் வாசலிலேயே குழாய் இருக்கிறதே.

மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை ஞாயிறன்று ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். வெள்ளை கவுன், தலையில் வலைத்துணி, கையில் மெழுகுவர்த்தி. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "பாப்பா, கொஞ்சம் சிரிம்மா. என்னா, எழவு வூட்டுக்கா போட்டோ எடுக்கறோம்?" என்றார். அவள் உதடுகளை இன்னும் இறுக்கினாள். பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள் உதடும் அதே அளவுக்கு இறுகியிருந்தது. அவள் இடுப்பில் இருந்த சின்னவன் மட்டும் தன் பால்பல் எல்லாவற்றையும் காட்டி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும்.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் வைத்தியர் ஒருவரிடம் மகளைக் கூட்டிப்போனேன்.

"இந்தப் பக்கத்துத் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்னு சொல்றாங்க," என்றார் அவர். "வந்த பல்ல ஒண்ணும் பண்ண முடியாது சார். சின்னது ஏதாவது இருக்கா வீட்டுல?"

இருக்கிறான் என்றேன்.

"அவனுக்கு ஈறுக்குள்ள இப்பத்தான் பெரிய பல்லு உருவாகிட்டு இருக்கும். குடிக்கிற தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாருங்க. சீக்கிரமா."

"கொதிக்க வச்சு ஆறவச்சுத்தான் கொடுக்கறோம்."

"அது கிருமிக்கு. இது உப்பு மாதிரி, கொதிச்சாப் போகாது. தண்ணி சுண்டினா இன்னும் கூடும்."

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஆவி பறந்துகொண்டிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தேன். சின்னவன் தாகம் என்று கையை நீட்டினான். அதே தண்ணீரைத்தான் கொடுத்தோம். வேறு என்ன கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருத் தண்ணீரைச் சோதிக்க ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருவதுண்டு. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஒரு மருந்தைச் சொட்டுவார். மஞ்சள் ஏறினால் பிளீச்சிங் பவுடர் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். அவர் கணக்கில் அது நல்ல தண்ணீர். அவரிடம் ஃப்ளோரைடு பற்றிக் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் மெட்ராசுக்கு அனுப்பணுங்க சார். எதுக்கு வீணா? மஞ்சள் நல்லாத்தானே வருது?"

விடாமல் போய்க் கேட்டதில், கடைசியில் ஒரு பெரிய புட்டியைக் கொடுத்தார். நிரப்பிக் கொடுத்தால் அரக்கு வைத்து அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

அந்த வாரம் மோட்டார் பழுதாகி, குழாய் எப்போது வரும் என்றே தெரியாமல் இருந்தது. வந்தாலும் நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் வந்தது. மனைவி பிள்ளைகளோடு அரூர் போயிருந்தாள். குழாய்க்கு நேர் எதிர்வீட்டு அக்காவிடம் புட்டியைக் கொடுத்தேன். வரிசைச் சண்டைகளைத் தீர்த்துவைப்பவர், குழாயைப் போட்டவரைப்போல் அதன்மேல் உரிமை கொண்டாடுபவர். குழாயைத் திறந்து சற்று ஓடவிட வேண்டும், புட்டியை அதே தண்ணீரால் அலச வேண்டும், பிறகு கழுத்துவரை பிடிக்க வேண்டும் என்று விளக்கினேன். மறுபடியும் விளக்கினேன்.

"ஒரு புட்டி தண்ணி புடிக்க இத்தன மந்தரமா? போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறன்," என்றார்.

மாலையில் புட்டி கழுத்துவரை நிறைந்து நின்றது. அதன் தோளில் ஒரு குங்குமப் பொட்டு.

"மெட்ராசுக்குப் போவுதில்லீங்களா," என்றார் அக்கா. "நல்லபடியாப் போயி நல்லபடியா வரட்டும்."

பொட்டைத் துடைத்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்தேன்.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் வரும் நேரம் வரைபட மேஜையில் கோடு பிசகும். சுரண்டி அழித்து மறுபடி போடுவேன். மாலையில் நேரே வீட்டுக்குப் போகாமல் இன்ஸ்பெக்டர் அலுவலகம் வழியாகச் சுற்றிப் போவேன். அவர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்பார். தெருவில் எனக்குத் 'தண்ணி சார்' என்று பெயர் விழுந்தது. இதற்கிடையில் சின்னவன் ஒவ்வொரு டம்ளர் குடிக்கும்போதும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடிவு வந்தது. ஃப்ளோரைடு அனுமதிக்கத்தக்க அளவுக்குள். தண்ணீர் மென்மையானது. கிருமிக்குப் பிளீச்சிங் போட்டுப் பயன்படுத்தவும்.

"பாத்தீங்களா? சொன்னப்பவே கேட்டீங்களா?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "இனிமேலாச்சும் வேற ரோட்டுல வூட்டுக்குப் போங்க."

அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலை முகம் மழிக்க வெந்நீர் எடுத்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. விரலால் சுரண்டினேன். உதிர்ந்தது. மென்மையான தண்ணீரில் இது எப்படிப் படியும்? சோப்பு நுரைக்காமல் தினமும் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. காகிதம் சொன்னதும் பாத்திரம் சொன்னதும் ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மனைவியிடம், குழாய்த் தண்ணீரில் பருப்பு போடச் சொன்னேன்.

"வேவாதுன்னு தெரிஞ்சே போடறதா? வெறகு என்ன சும்மா வருதா?"

"ரிப்போர்ட்டுப்படி வேகணும்."

"அப்ப ரிப்போர்ட்டையே போட்டு வேக வைங்க," என்றாள். ஆனால் போட்டாள்.

இருவரும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் கரண்டியால் எடுத்து எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பருப்பு கல்லாகவே இருந்தது. அந்த நேரம் எதிர்வீட்டு அக்கா மோர் கேட்டு உள்ளே வந்தார். வீட்டு ஆண் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னாங்க சார், ஆபீசு வேலைய வுட்டுட்டுச் சமையலுக்கு வந்துட்டீங்களா?"

மனைவி விஷயத்தைச் சொன்னாள். மெட்ராஸ்காரர்கள் இந்தத் தண்ணீரைத்தான் மென்மை என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

அக்கா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தண்ணியவா? இந்தத் தண்ணிய யாரு கண்ணு அனுப்புனா?"

நான் எழுந்துவிட்டேன்.

"அன்னிக்குக் கொழாயத் தொறந்தா செவசெவன்னு வருதுங்க. மோட்டாரு ரிப்பேரு பண்ணாங்க இல்ல, துரு. அதப் போயி புட்டியில புடிச்சு மெட்ராசுக்கு அனுப்புனா, அங்க இருக்கறவங்க நம்ம தெருவப் பத்தி என்னா நெனப்பாங்க? வூட்டுக்கு ஒரு ஆளு வந்தாலே இருக்கறதுல நல்ல தண்ணியத்தான் குடுப்போம். கெவருமெண்டு ஆபீசுக்குப் போறதுக்குக் கலங்கலக் குடுக்க முடியுங்களா? எங்க பருப்புக் கொடத்துலேருந்து துணி போட்டு வடிகட்டி ஊத்துனேன்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்றதுக்கு என்னாங்க இருக்குது? மருவாதைக்குச் செஞ்சத யாராச்சும் தண்டோரா போடுவாங்களா?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சுண்ணாம்புக் கோடுகள்தான் கண்ணுக்கு முன் வந்தன. காத்திருந்த அத்தனை நாளும் சின்னவன் குடித்தது எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அடுப்பிலிருந்த சட்டியைக் கொட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் வீட்டைத் தேடி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவரை வீட்டில் தொந்தரவு செய்கிறோம் என்பது அவர் கதவைத் தட்டிய பிறகே உறைத்தது. இன்னொரு புட்டி வாங்கி, விடுப்பு எடுத்து, குழாய் தெளிந்து வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து நானே பிடித்தேன். அக்கா அன்றைக்கும் குங்குமச் சிமிழோடு வந்தார். இம்முறை பொட்டைத் துடைக்கவில்லை.

இரண்டாவது முடிவு வந்தபோது இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடினமான தண்ணீர். ஃப்ளோரைடு, இருக்க வேண்டியதைவிட அதிகம். குழந்தைகள் குடிக்க உகந்ததல்ல.

"தெருவுக்கே இதுதாங்க சார் தண்ணி. நான் என்ன பண்ணட்டும்? மேல எழுதிப் போடறேன்," என்றார். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் அந்தத் தெருவில் இருந்தவரை அதே குழாயில் அதே தண்ணீர்தான் வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு காகிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, முதல் காகிதம் பொய்யல்ல என்று புரிந்தது. அது ஏரிக்கரைக் கிணற்றைப் பற்றிய மெய். எங்கள் பிள்ளை எதைக் குடிக்கலாம் என்று கேட்டு நான் அனுப்பாத கேள்விக்கு, அக்கா ஊற்றிய புட்டி பதில் வாங்கி வந்திருந்தது. பருப்பு வேகாததற்குக் காரணம் வேறு, பல் கறைபடுவதற்குக் காரணம் வேறு. அது எனக்குத் தெரியும். எங்கள் கிணறு அந்த இரண்டு குறையுமே இல்லாமல் வாய்த்திருந்தது.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்குக் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். திறந்த கிணறு என்பதால் காய்ச்சி, வடிகட்டி. காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு நடை நானே போய்ச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அக்காவும் தன் பேரனுக்குப் பருப்புக் குடத்திலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார். தெருவில் மற்றவர்கள் சிலர் கேட்டார்கள், சிலர், "பரம்பரையாக் குடிக்கறோம், பல்லு என்ன வுழுந்தா போச்சு?" என்றார்கள். கோடையில் கிணறு வற்றி அடியில் சேறு தெரியும். அந்த வாரங்களில் வேறு கிணறு தேடி, அதன் தண்ணீர் எப்படிப்பட்டதோ என்று தவித்து, தேவைக்கு மேல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்கப் பயந்து நாட்களைக் கடத்தினேன். செய்தது போதுமா, பிந்திவிட்டதா என்று சொல்ல எந்த ஆய்வுக்கூடமும் இல்லை. பல் முளைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எழுபதுகள் முடியும் தறுவாயில் சின்னவனுக்கு முன்பல் வந்தது. அவனை அதே ஜன்னலருகே நிறுத்தினேன். பல்லின் விளிம்பில், நகக்கண் அகலத்துக்கு, மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. வாரங்கள் போகப் பல் மெல்ல இறங்கியது. கோட்டுக்கு மேலே, ஈறுவரை, பல் சுத்தமாகப் பளபளத்தது. பல் விளிம்பிலிருந்துதான் உருவாகத் தொடங்கும் என்று வைத்தியர் பின்னால் விளக்கினார். அந்தக் கோடு அவன் குழாய்த் தண்ணீர் குடித்த காலம். மீதி, கிணற்றுத் தண்ணீர். நான் போட்ட எந்த வரைபடத்திலும் எல்லைக்கோடு இத்தனை தெளிவாக விழுந்ததில்லை.

மனைவி அவன் முகவாயைப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். மகளும் வந்து பார்த்தாள். அவளுடைய கோடுகள் அதற்குள் பழுக்கத் தொடங்கியிருந்தன.

"எனக்கு ஏம்மா அந்தக் கொடத்துலேருந்து குடுக்கல?" என்றாள்.

என்னிடம் அதற்குச் சரியான, வரிசையான விடை இருந்தது. அந்த இரண்டு காகிதங்களையும் எடுக்கத் திரும்பினேன்.

"அப்ப நமக்குத் தெரியல கண்ணு," என்றாள் மனைவி. "பருப்புக்குத் தெரிஞ்சிருக்குது, பெத்தவளுக்குத் தெரியல."

மகள் சிரித்துவிட்டாள். கை வாய்க்குப் போவதற்குள் மனைவி அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.