ஒரு கோடு பின்னே திருப்பினால் போதுமா?

போன புதன்கிழமை எங்கள் பட்டறைக்கு மதியச் சாப்பாடு வரவில்லை.

காரணம் ஏழுமலை. என் தங்கை புருஷன். செஞ்சி கடைத்தெருவில் நானும் அவரும் சேர்ந்துதான் லேத் பட்டறை வைத்திருக்கிறோம். காலையில் வீட்டில், "இது குழம்பா, உப்பளமா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். தூக்குச் சட்டி வருமா? வராது!

அந்தப் பசியோடு அவர் நிற்கும்போதுதான் வல்லம் கிராமத்திலிருந்து, பயிர் வைத்திருக்கும் குப்பம்மா வந்தாள். தலையில் ஒரு கோணிச் சாக்கு. உள்ளே, ஒடிந்துபோன பம்பு ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும்.

"அண்ணே, மல்லாட்டைக்கு விழுது எறங்குற நேரம். இன்னிக்குத் தண்ணி காட்டலைன்னா எல்லாம் போச்சு. மூணு மணி பஸ்ஸுக்கு முடிச்சுக் குடுண்ணே!"

மல்லாட்டை என்று அவள் சொன்னது வேர்க்கடலையை. பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான், பிள்ளைகளே, உங்களுக்குக் கடலை. மண் காய்ந்து கல்லாகக் கிடந்தால் விழுது எங்கே போகும்?

புது ஷாஃப்ட் கடைய, பட்டறையில் அந்தக் கனத்துக்கு ஒரே ஒரு இரும்புத் தண்டுதான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டாலும் பேரிங்கில் லொடலொடக்கும். வேறு தண்டுக்குத் திண்டிவனம் போக வேண்டும்...

ஏழுமலை கடைந்தார். கடைசிச் சீவல். உளியை முன்னே தள்ளும் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கும். ஒரு கோடு திருப்பினால், உளி நகர்வது தலைமுடிக் கனத்தில் பாதிகூட இராது. பசி மயக்கமோ என்னவோ — நிற்க வேண்டிய இடத்தை ஒரு கோடு தாண்டிவிட்டார். "அட!" என்று ஒரு கோடு பின்னே திருப்பினார். மெஷினை ஓட்டக் கையை நீட்டினார்.

"இரு மாப்ளே!" என்று கத்தினேன்.

"இன்னா மச்சான்? கோடு கரெக்டாத்தானே இருக்குது?"

"கோடு வந்துடுச்சு. உளி வந்துச்சா?"

வந்திருக்காது! எப்படி என்கிறீர்களா? கிணற்றில் கயிறு தொய்ந்து கிடக்கும்போது இழுத்துப் பாருங்கள். முதலில் கயிறு மட்டும்தான் வரும், குடம் அசையாது. சக்கரத்தோடு சுற்றி உளியைத் தள்ளும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவிலும் அப்படி ஒரு தொய்வு உண்டு. திசை மாற்றித் திருப்பினால் முதலில் அந்தத் தொய்வுதான் தீரும். சக்கரம் சுற்றும், உளி அசையாது. நட்சத்திரம் பார்க்கும் டெலஸ்கோப்பானாலும், திருகு வைத்து நகர்த்துகிற இடத்தில் இந்தக் குறும்பு இருக்கத்தான் செய்யும்.

வழி? ஒரு முழுச் சுற்று பின்னே போய், மறுபடி முன்னே வந்து, தொய்வெல்லாம் தீர்ந்த பிறகு சரியான கோட்டில் நிற்க வேண்டும். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தார்.

குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அய்ய! கிட்ட வந்துட்டு எதுக்கு இவ்ளோ பின்னாடி போறாரு? பஸ்ஸு போயிடும்ணே!"

"பஸ்ஸு போனா நாளைக்கு வரும். தண்டு போனா?"

அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

உளி மெதுவாக வந்தது. சீவியது. ஷாஃப்டில் எண்ணெய் தடவி பேரிங்கில் செருகினேன் — வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஆட்டமில்லாமல் நின்றது.

புறப்பட்டுவிட்ட பஸ்ஸை, குப்பம்மா போட்ட கூச்சலே நிறுத்தியது.

சாயங்காலம் ஏழுமலையை நானே வீட்டில் கொண்டு விட்டேன்.

"உப்பு... லேசாத்தான் கூடன்னு சொன்னேன்" என்றார் என் தங்கையிடம்.

ஒரு கோடு பின்னே! அவள் இம்மியும் அசையவில்லை.

"மாப்ளே, முழுச் சுத்து!" என்றேன் வாசலிலிருந்து.

"என் மேலதான் தப்பு. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

வியாழக்கிழமை, குப்பம்மாவின் கடலைக் கொல்லையில் ராத்திரியெல்லாம் தண்ணீர் பாய்ந்ததாக பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். மதியம் தூக்குச் சட்டியும் வந்தது. ஆனால் குழம்பில் உப்பே இல்லை... மாப்பிள்ளை மூச்சு விடவில்லையே!