தீபாவளி மறுநாள் வாங்கிய கார்

தேங்காய் எண்ணெய் ஊறிய பழைய பனியன் துணி ஒன்று என் வீட்டுச் சன்னல் கம்பியில் தொங்குகிறது. குப்பையில் போட மனைவி பலமுறை முயன்றாள், நான் விடவில்லை. பெட்ரோல் செலவு மட்டும் செய்து மூன்று வருஷம் நான் வேகமான கார் ஓட்டியது அந்தத் துணியின் புண்ணியம். சரியாகச் சொன்னால், என் மதினியின் புண்ணியம்.

மதினி என் அண்ணன் மனைவி; தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்ப்பவர். நான் சாத்தூரில் கணக்கு வாத்தியார். தேய்மானக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவேன். ஆனால் டர்போ எஞ்சின் கார் மேல் ஆசை வந்ததும் கணக்கெல்லாம் காற்றில் போய்விட்டது. அந்த மாதிரிக் கார்களுக்கு விலை மளமளவென்று இறங்கும். திரும்ப வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். கையிலிருந்ததோ மகளின் நர்சிங் படிப்புக்கான பணம். அவள் அப்போதுதான் பத்தாம் வகுப்பில் நுழைந்திருந்தாள். "மூணு வருசத்துல போட்ட காசு திரும்பி வரணும். வரலைன்னா பிள்ளை படிப்பு போச்சு" என்றாள் மனைவி.

கடன் போட்டுப் புதுக் காரே வாங்குகிறேன் என்று குதித்தவனை மதினிதான் அடக்கினார். "தீபாவளிக்கு மறுநா வெடி என்ன வெலைக்குப் போகும்னு தெரியாதா கொழுந்தனாரே? மொத ஆளு கொண்டாடி முடிக்கட்டும். நாம மறுநா போவோம்."

விருதுநகர் புரோக்கரிடம் நாலு வயதுச் சிவப்புக் கார் ஒன்று நின்றது. பட்டாசு முதலாளி ஒருவர் ஓட்டியது. எஞ்சினில் குறையில்லை. ஆனால் கறுப்பு சீட்டெல்லாம் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் தூள். புரோக்கர் காற்றடித்துப் பார்த்ததில் அந்தத் தூள் கூரைவரை ஏறியிருந்தது. வெடி விபத்தில் மாட்டிய வண்டியோ என்று வந்தவர்களெல்லாம் பயந்து திரும்பினார்கள். நானும் திரும்பினேன். மதினி சீட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "வெறும் அலுமினியத் தூளு. மொதலாளி மருந்து ரூமுக்குள்ள போயிட்டு அப்படியே வந்து உக்காந்திருக்காரு. இத நான் தெனம் ஒடம்புலருந்து எடுக்கேன். வெலையக் கொறைக்கச் சொல்லுங்க, வேற வாயத் தொறக்காதீக."

அடிமாட்டு விலைக்கு முடிந்தது. ஒரு ஞாயிறு முழுக்க மதினி எண்ணெய்த் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றியே தூளை எடுத்தார். சாயங்காலம் சீட் புதுசாக இருந்தது.

சத்தம் போடும் சைலன்சர் மாட்டப் போனேன். அதையும் தடுத்தார். "பிரிச்சு ஒட்டுன வெடிப் பெட்டிய எந்த ஏசெண்டு தொடுவான்? கம்பெனிலருந்து வந்தபடியே இருக்கட்டும்." கோபம் வந்தாலும் கேட்டுக்கொண்டேன். ஒருமுறை அவரை இருக்கன்குடி கோயிலுக்கு அழைத்துப் போகையில் நாலுவழிச் சாலையில் ஓர் அழுத்து அழுத்தினேன். பயப்படுவார் என்று பார்த்தால், "அம்புட்டுத்தானா?" என்றார்.

மூன்று வருஷம் கழித்து காரை விற்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டதும் அதே புரோக்கர் வந்தார். "இது நம்மகிட்ட நின்ன வண்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். சீட்டில் விரலை இழுத்து, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நாங்கள் கொடுத்த விலையை ஒரு ரூபாய் குறையாமல் எடுத்து வைத்தார். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இப்போது மகள் வெள்ளை யூனிபாரத்தில் காலேஜ் போகிறாள். நான் பள்ளிக்கூடத்துக்கு டவுன்பஸ்ஸில் போகிறேன். நேற்று மதினி போன் செய்தார். "கொழுந்தனாரே, சிவகாசில ஒரு வண்டி நிக்கிதாம். சீட்டெல்லாம் தூளாம், ஒருத்தரும் தொடலையாம்."

சன்னல் கம்பியிலிருந்து துணியை எடுத்து எண்ணெயில் நனைத்தேன். இந்தத் தடவை மனைவியே எண்ணெய் ஊற்றினாள்.